ஞாயிறு தவறாத தலைவலி

என் அக்கா பேருந்து ஓட்டுகிறாள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் ஒரு படி ஏறிவிடும். வாரத்தில் ஆறு நாள், ஊர் கண் விழிக்கும் முன்பே டிப்போவுக்குப் போய் முதல் வண்டியை எடுத்து, சந்தைச் சாலை நெரிசலில் ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் கொண்டுபோய்த் திரும்புவாள். அந்த ஆறு நாளும் தலைவலி அவளை எட்டிக்கூடப் பார்க்காது. ஞாயிறு அவளுக்கு ஓய்வு நாள். அன்று வந்துவிடும்.

சாதாரணத் தலைவலி என்றால் நான் ஏன் எழுதப்போகிறேன்? இது ஒற்றைத் தலைவலி. வலது கண்ணுக்குப் பின்னால் பிடித்து, கன்னம் வழியாகக் கழுத்துக்கு இறங்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சோப்பு வாசனைகூட ஆகாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சுருண்டு கிடப்பாள். திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "உன் தலைக்கு டிப்போவைப் பிடிக்குது, எங்களைத்தான் பிடிக்கல" என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷிக்கு வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள், அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

மாமா, அதாவது அக்காவின் கணவர், வயரிங் வேலை செய்கிறவர். சனிக்கிழமை படுக்கப் போகும் முன் காலிங் பெல்லின் வயரைக் கழற்றிவிட்டு, திங்கட்கிழமை மறுபடி மாட்டுவார். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியது அவர்தான். ஞாயிறு காலையில் குழாயை நூல் மாதிரி ஒழுகவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். "ஆறு நாள் தூக்கம் கெட்டவ. இன்னைக்காவது எவ்வளவு நேரம் வேணுமோ தூங்கட்டும். யாராவது எழுப்பினீங்க, தொலைச்சிடுவேன்!" என்று கிசுகிசுப்பார். கிசுகிசுத்துக்கொண்டே மிரட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நடையும் பூனை நடை. வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே பூனைதான்.

மாடியில் குடியிருக்கும் என் பிழைப்போ சத்தம். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கடைச் சாமான் எல்லாம் ஊமை. நான் சரி, வளர்ந்தவன், பல்லைக் கடித்துக்கொள்வேன். அக்கா மகள் குட்டியை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சிரிப்பு வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோளை மட்டும் குலுக்குவாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். "உங்க பொண்ணுக்குக் குரலே வெளிய வர மாட்டேங்குது" என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

தலைவலி என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் நிற்பவர் வைத்தியராகிவிடுவார். தலையணையை மாற்று என்றார்கள், தலையணையே வேண்டாம் என்றார்கள். நெற்றியில் ஐஸ் கட்டி, காலுக்கு வெந்நீர், இறுக்கிக் கட்டத் துணி, அழுத்திவிட ஒரு ஆள் என்று எல்லாமும் ஆயிற்று. மாமாவின் அண்ணன் ஒருவர் நிறக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அக்கா ஓர் உளவாளி மாதிரி சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்த மாத்திரை ஒன்றுதான் உருப்படியானது. ஆனால் அதை வலி தொடங்கியவுடனே போட்டுக்கொள்ள வேண்டும். அக்கா கண் விழிக்கும்போதே வலி முக்கால்வாசி ஏறி உட்கார்ந்திருக்கும்.

இப்படியே போயிருக்கும். நடுவில் ரெட்டை பஸ் வந்தது.

இரண்டு பேருந்துகளை நடுவில் மடிப்பு ரப்பரால் சேர்த்த நீள வண்டி. டிப்போவுக்குள் அது முதல்முறை வளைந்து நுழைந்ததைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தீப்பெட்டியை ரப்பர் பேண்டால் கட்டிவைத்து, டம்ளர்களுக்கு நடுவே பின்னுக்கு ஓட்டிக் காட்டுவாள். "பின்னால எடுக்கறதுலதான்டா இருக்கு சூட்சுமம்!" அதை ஓட்டத் தனித் தேர்வு உண்டு. பயிற்சி மைதானம் காலியாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் தேர்வும் அன்றுதான். இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். "பயம். அதுக்கு ஒரு தலைவலி" என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. மூன்றாவது முறையும் வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவளுக்கும் அந்த வண்டிக்கும் அதோடு சரி.

மூன்றாவது அழைப்பு வந்ததற்கு அடுத்த ஞாயிறு. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. விடிந்தும் விடியாமலும் தெருவில் ஒரு லாரி உறுமியது. எதிர்வீட்டுக் கட்டட வேலைக்குச் செங்கல். சந்துக்குள் பின்பக்கமாக நுழையத் தெரியாமல் முன்னும் பின்னும் போய், ஹாரனை வேறு அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். "யோவ், அறிவு இருக்கா? உள்ள ஒரு ஆள் தூங்குறாங்க!" மாமா எனக்கும் முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து லாரியை மறித்தபடி கிசுகிசுப்பாகத் திட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"தள்ளுங்க ரெண்டு பேரும்!"

அக்கா. தலை கலைந்து, கையில் டீயோடு வாசலில் நிற்கிறாள். ஒரு மிடறு குடித்தாள். "அண்ணே, வலப்பக்கம் ஒடிங்க… இன்னும்… வாங்க வாங்க வாங்க… நில்லுங்க! இப்ப நேராக்குங்க!" நாலே ஒடிப்பில் லாரி உள்ளே போயிற்று. லாரிக்காரர் கும்பிடு போட்டார். அக்கா மிச்ச டீயைக் குடித்துவிட்டு, தூக்கம் போயிற்றே என்று முணுமுணுத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டை எடுத்துவைத்தாள்.

இவ்வளவு சத்தத்துக்கு இன்றைக்கு என்ன ஆகப்போகிறதோ! மாமா வாளியைக் கழுவித் தயாராக வைத்தார். ஒன்பது மணி ஆயிற்று. அக்கா துணி ஊறவைத்தாள். பத்தரை ஆயிற்று. குட்டிக்குத் தலை பின்னினாள். "வலிக்குதா?" என்று மாமா. "இல்லையே." கால் மணி நேரம் கழித்து நான். "இல்லடா, ஏன் எல்லாரும் என் மூஞ்சியவே பார்க்கறீங்க?" சாயங்காலம் நாங்கள் நால்வரும் பூங்காவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அக்கா! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஐஸ்கிரீம் தின்றதை வழிப்போக்கன் மாதிரி நின்று வேடிக்கை பார்த்தேன்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் ஓடினோம். லாரிக் கதையை நான் நடித்தே காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மத்த நாள் எப்ப எழுந்திருப்பீங்க? முதல் டீ எப்ப?"

"நாலரைக்கு எழுந்ததும் டீ."

"ஞாயிறு?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா சொன்னார், "ஒன்பது, ஒன்பதரை… நான்தான் எழுப்ப விடறதில்லை."

"இந்த மாதிரித் தலைக்கு ஒழுங்கு மாறினா ஆகாது. தூக்கம், டீ, சாப்பாடு எல்லாம் ஒரே நாள்ல அஞ்சு மணி நேரம் தள்ளிப்போனா கோவிச்சுக்கும். எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பொருந்தற மாதிரி இருக்கு. ஓய்வு நாள்லயும் அதே நேரத்துக்கு எழுந்து பாருங்க. தூக்கம் பத்தலைன்னா ராத்திரி சீக்கிரம் படுங்க. வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணோரமா வெளிச்சக் கோடு மாதிரி ஏதாவது நெளிஞ்சா உடனே மாத்திரை."

வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமா, "இத்தனை வருஷமா நான்தான் உனக்கு…" என்று தொடங்கியவர் கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தூங்கணும்னு இந்த உலகத்துல கவலைப்பட்ட ஒரே ஆள் நீங்கதான். இனிமே எழுப்பறதையும் நீங்களே செய்யுங்க." நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமாவுக்கு மனசு வராமல் நான்தான் அவளை எழுப்பினேன். வலி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்துவிட்டது! ஆனால் அவள் விழித்திருந்ததால் கண்ணோரத்தில் நெளியும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டில் படுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டாள். அதனால் தேர்வு ஞாயிறு எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அக்கா மட்டும் தெளிவாக இருந்தாள். "நெளிஞ்சா சாவியைக் கொடுத்துட்டு இறங்கிடுவேன். பின்னாடி உக்காரப்போறது ஆளுங்க, மூட்டை இல்ல."

தேர்வன்று விடியற்காலை நான் மாடிப்படியில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாமா டீ டம்ளரோடு கட்டில் அருகே நிற்கிறார். கூப்பிட வாய் வரவில்லை. பழக்க தோஷம்! கையை நீட்டுகிறார், இழுத்துக்கொள்கிறார். கடைசியில் டம்ளரை வைத்துவிட்டுப் பூனை நடையில் வாசலுக்குப் போனார். ட்ர்ர்ர்ங்! முந்தின ராத்திரி வயரைக் கழற்றாமல் விட்டிருந்த, வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமையில் ஒலிக்காத காலிங் பெல்லை விரல் வைத்து அழுத்தினார் மனுஷன். உள்ளேயிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது.

மைதானத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. டிப்போ ஆட்கள் வேலியோரம் கூட்டமாக நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள். மாமாவோடும் குட்டியோடும் நின்றிருந்த நானும்தான். பெயர் கூப்பிட்டதும் அக்கா ஏறி, இருக்கையைச் சரிசெய்து, ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. நெளிகிறதா? இல்லை. வண்டி நகர்ந்தது. சிவப்புக் கூம்புகளுக்கு நடுவே நீள வண்டி வளைந்து வளைந்து போயிற்று, ஒரு கூம்பும் அசையவில்லை. பிறகு பின்பக்கமாகக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். பின்பாதி ஒரு பக்கம் இழுக்கிறது, முன்பாதி இன்னொரு பக்கம். மாமா என் தோளைப் பிடித்த பிடியில் தோளே கழன்றுவிடும் போலிருந்தது. தீப்பெட்டி, தீப்பெட்டி என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது. பயிற்சியாளர் குனிந்து கோட்டைப் பார்த்தார், சுற்றி வந்தார், நிமிர்ந்து கையைத் தூக்கினார். "பாஸ்மா!"

"அம்மாஆஆ!"

யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். சத்தத்தில் பிழைக்கிறவன் நான், எனக்கே அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை. எங்கள் குட்டி. கத்திய மறு நொடியே அவள் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா பேருந்தின் ஜன்னலைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "ஏண்டி வாயைப் பொத்தற? கையை எடு. இன்னும் சத்தமா கத்துடி, கேட்கணும் எனக்கு!"

குட்டி அப்பாவைப் பார்த்தாள். மாமா தலையாட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறுபடி கத்தினாள்.