நத்தை கொடுத்த ரிப்போர்ட்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. பார்த்தது என் கண். அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல். பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்ன மகராசன் யாரோ, அவனை எங்கள் ஆபீசில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் வருகிற ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். ஒருவன் ஏமாற்றினால், கெட்ட வார்த்தை பேசினால், ஆடாமல் சும்மா நின்றால், மற்றவர்கள் அவன் மேல் ரிப்போர்ட் கொடுப்பார்கள். ஒரே ஆள் மேல் நிறையச் சேர்ந்துவிட்டால் அவன் ஆடிய ஆட்டத்தின் ரீப்ளே, அதாவது முழு ஆட்டத்தின் பதிவு, என் திரைக்கு வரும். பார்த்துவிட்டு, அவனை விட்டுவிடலாமா, தடை போடலாமா என்று நான் முடிவு சொல்ல வேண்டும்.

முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் வேலை நடந்த மாதிரிதான்! அதனால் நாங்கள் எல்லோருமே ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். ரிப்போர்ட் கொடுத்தவர் எந்த நொடியில் கொடுத்தாரோ, அந்த நொடிக்கு நேராகத் தாவ ஒரு பட்டன் உண்டு. தாவு, பார், தாவு, பார், முடி. கோபப்பட்டவன் கைகாட்டிய இடத்தை மட்டும் பார்ப்போம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த ஆத்திரக்காரன் கண்ணை இரவல் வாங்கித்தான் நான் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி வந்தவன்தான் நத்தை. அது அவன் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். 'சும்மா நிற்கிறான்' என்று அவன் மேல் முப்பது ரிப்போர்ட்டுக்கு மேல் இருந்தது. தாவித் தாவிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நின்றுகொண்டுதான் இருந்தான். பச்சைச் சட்டை, தொங்கிய கை. அணியே அடிவாங்கிக்கொண்டிருக்க, இவன் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றான்.

"இவனுக்கெல்லாம் எதுக்குடா விளையாட்டு?" என்று சத்தமாகவே சொன்னேன்.

பக்கத்து சீட்டுக்காரன் சிரித்துக்கொண்டே கொட்டாவி விட்டான். நாள் முழுக்க விடுவான். அதனால் ஆபீசில் அவன் பெயரே கொட்டாவிதான்.

திங்கட்கிழமை, நத்தைக்கு நிரந்தரத் தடை போட்டேன்.

மறுநாள் அவனிடமிருந்து அப்பீல் வந்தது. "நான் மெதுவாத்தான் வருவேன். ஆனா வருவேன்." அவ்வளவுதான். என்ன உளறல் என்று நினைத்தேன். 'உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம்' என்ற ரெடிமேட் பதிலை ஒட்டி மூடினேன். கவனமாகவாம்! இன்று நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் பதிவு என் வரிசைக்கு வந்தது. உதவி எண்ணுக்குப் புதன்கிழமையே வந்த அழைப்பு. எங்கள் இடத்தில் எதுவும் ஊரைச் சுற்றித்தான் வரும். ஒரு பெண் பேசினாள்.

"நத்தைங்கிறது என் தம்பிங்க. அவனுக்குத் தசை நோய். படுத்த படுக்கை. ஒரு விரல் மட்டுந்தான் அசையும், அதுக்கு ஒரு சுவிட்ச் பொருத்தியிருக்கோம். டிக்குன்னு ஒரு தட்டு தட்டினா ஒரு அடி நடப்பான். நாலு பேரோட சேந்து இருக்கறதே அந்த விளையாட்டுலதாங்க. தயவுசெஞ்சு திறந்து விடுங்க. ரெண்டு நாளா சுவத்தையே பாத்துட்டிருக்கான்."

உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"நீ போட்ட தடையை நீதாம்மா எடுக்கணும். முழு ரீப்ளேயும் பாத்து முடிச்சாத்தான் தடையை எடுக்கற பட்டனே வரும்" என்றார்.

அப்போதே உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஷிப்ட் முடிகிற நேரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் நானும் கொட்டாவியும் மட்டும். இரண்டு மணிக்கு அவன் சாப்பிடப் போனான். ஜன்னல் வழியாக மேசை மேல் நல்ல வெயில். ஹெட்போனை மாட்டி, ரீப்ளேயைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன். இந்தத் தடவை எங்கேயும் தாவவில்லை.

அவன் அணி ஆள் ஒருவன் அடிபட்டு விழுந்தான். தூரத்தில் நத்தை. ஒரு அடி வைத்தான். நின்றான். இன்னொரு அடி. சுற்றிலும் குண்டு பறக்கிறது. விழுந்தவனிடம் வந்து சேர்ந்து, தூக்கி நிறுத்தினான். எழுந்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான். நத்தை அங்கேயே நின்றான். ஓடினவன் கொடுத்தான் ரிப்போர்ட், சும்மா நிற்கிறான் என்று! அந்த நொடிக்குத்தான் நான் தாவியிருக்கிறேன்.

ஆட்டம் முழுக்க இதே கதை. விழுந்தவனை நோக்கிப் போவான், தூக்குவான், நிற்பான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவி, பாவி" என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மணி 2.14.

நத்தை நடுவழியில் நின்றான். தலையைத் திருப்பினான். திரையிலிருந்து நேராக என்னைப் பார்த்தான்.

ரீப்ளேயில் எங்களுக்கென்று ஒரு கேமரா உண்டு. பறந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆடியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இது வெறும் பதிவு.

கேமராவை இடப்பக்கம் நகர்த்தினேன். அவன் தலையும் நகர்ந்தது.

வலப்பக்கம் கொண்டுபோனேன்...

அங்கேயும் திரும்பினான்.

ரீப்ளேயை நிறுத்தினேன். எல்லோரும் அப்படியே உறைந்தார்கள். குண்டுகள் அந்தரத்தில் நின்றன.

டிக்.

நத்தை மட்டும் ஒரு அடி முன்னால் வந்தான்.

டிக்.

இன்னொரு அடி. என்னை நோக்கி.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

டிக்...

சத்தம் ஹெட்போனிலிருந்து வரவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. கொட்டாவியின் காலி சீட்டு.

நான் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

டிக்...

இன்னும் கிட்டத்தில்.

"எடுத்துடறேம்பா... தடையை எடுத்துடறேன்..."

பாதியில் நிற்கிற ரீப்ளேயில் வரவே கூடாத பட்டன், திரையில் வந்து நின்றது.

அழுத்தினேன்.

சத்தம் நின்றது. மணி 2.22.

கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"என் சேரை எதுக்கு உன்கிட்ட ஒட்டிப் போட்டிருக்க?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். என் சேருக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைய இடமில்லை.

மறுநாள் காலை அந்த அக்காவுக்கு நானே போன் செய்தேன். தடையை எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை போயிட்டாம்மா. திறந்துட்டாங்களா, திறந்துட்டாங்களான்னு கண்ணாலயே கேட்டுட்டிருந்தான். நாளைக்குத் திறந்துடுவாங்கன்னு நாந்தான் சொல்லிட்டே இருந்தேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்து நிமிர்ந்தபோது என் வரிசையில் முதலாவதாக ஒரு புது ரிப்போர்ட் இருந்தது. ரிப்போர்ட் செய்யப்பட்ட அக்கவுண்ட்டின் பெயரைப் பார்த்துவிட்டு, கொட்டாவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விடப்போன கொட்டாவியை அவன் பாதியில் விழுங்கினான்.

"இது நீ ரீப்ளே பாக்கற அக்கவுண்ட்டாச்சே! ஆடுறவங்க யாருக்கும் இது கண்ணுலயே படாது. இதுமேல எப்படிடி ரிப்போர்ட் கொடுப்பாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? வந்த நேரம், ஞாயிறு மதியம் 2.22. கொடுத்தவர் பெயர், நத்தை. காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: 'நான் விழுந்து கிடந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தார். தூக்கவில்லை.'

அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. என் அக்கவுண்ட்டுக்கு நானே தடை போட்டுவிட்டு, ஆபீசை விட்டு வெளியே வந்தேன்.