அக்காவின் அளவு ஜாக்கெட்

இலுப்பூரில் என் தையல் கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கும். அதில் என் அக்காவின் அளவு ஜாக்கெட் தொங்குகிறது. அரக்கு நிறம். டேப்பை எடுத்துக்கொண்டு பெண்கள் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறவன் நான். அதனால் முப்பது வருடமாக, பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு வாங்கி வைத்துக்கொண்டுதான் புதியது தைக்கிறேன். அக்காவுக்கும் அப்படி ஒன்று. அதன் இடது பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும்.

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு வந்த பிறகு அவள் தைக்கக் கொடுத்த முதல் ஜாக்கெட் அது. அவளைக் கேட்காமலேயே உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும்படி தைத்துக் கொடுத்தேன். மறுநாளே கடைக்கு வந்தாள். என் கத்தரிக்கோலை எடுத்து, என் கண் முன்னாலேயே தையலைப் பிரித்துப் பஞ்சை உருவி மேசையில் போட்டாள். "யாருக்குடா இந்த வேசம்? எடுத்தது எடுத்ததுதான். இருக்குறபடி தையி" என்றாள். சில பெண்களுக்கு அந்தப் பஞ்சு ஆறுதலாக இருக்கலாம். அவளுக்கு இல்லை.

அவளுக்கு நோய் வந்தபோது உறவில் எல்லோரும் எங்கள் ஆத்தாவைத்தான் பார்த்தார்கள். பெண்களுக்கு வரும் நோய், பெண் வழியில்தான் வரும் என்பது ஊரார் நினைப்பு. "ஆத்தா வீட்டு ரத்தம்" என்று ஆத்தாவின் காதுபடவே சொன்னார்கள். ஆத்தாவும் அதை நம்பிவிட்டாள். மகளுக்குச் சோறு வைக்கும்போதுகூடத் தலை நிமிர மாட்டாள். திருச்சியில் அக்காவைப் பார்த்த டாக்டரம்மாதான் முதன்முதலாக வேறொரு கேள்வி கேட்டார். "அப்பாகூடப் பிறந்த அத்தைங்க எப்படி இறந்தாங்க?" அப்பா இறந்து பல வருடமாகிவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. மாசிப் படையலன்று எங்கள் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடிப் பெயர் வாசிப்போம். ஐந்தாறு தலைமுறை ஆண்களின் பெயர் அந்த நோட்டில் இருக்கிறது. பெண்ணுக்கு அதில் இடமில்லை. கட்டிக்கொடுத்த அன்றோடு அவள் வேறு சாமியைக் கும்பிடப் போய்விடுகிறாள். பெரியத்தை குன்றாண்டார்கோவில் பக்கம் போனாள், சின்னத்தை மணமேல்குடிக்குப் போனாள். இரண்டு பேரும் ஐம்பதைத் தொடவில்லை. அந்தந்த வீட்டார் அதைத் தங்கள் வீட்டுத் தலைவிதி என்று அழுது முடித்தார்கள். இரண்டு சாவையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு நோட்டும் இல்லை.

அக்கா சேர்த்துப் பார்த்தாள். மருந்து ஏற்றி முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு ஊருக்கும் பஸ் ஏறிப் போனாள். துணைக்குப் போன நான் வாசலில் நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. "செத்தவள ஏத்தா இப்பக் கெளறுற?" என்று சின்னத்தை வீட்டு மாமா கோபப்பட்டார். "இன்னொருத்தி சாகாம இருக்கத்தான் மாமா" என்றாள் அக்கா. பிறகு, அத்தைக்கு மாரில் கட்டி என்று அவர் சொன்னார். பெரியத்தைக்குச் சினைப்பையில்.

அக்காவின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்புக்குள் தினமும் எங்காவது நூல் அறுந்துகொண்டேதான் இருக்குமாம், எல்லோருக்கும். அதை உடனுக்குடன் தைத்துவிட உள்ளேயே ஆள் உண்டு. அந்த வேலைக்கான குறிப்பு ஆத்தாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருகிறது. எங்கள் வீட்டில் அப்பா வழிப் பிரதியில் பிழை. மிச்சமிருக்கிற ஒன்றும் எங்காவது கெட்டுப்போனால், அறுந்தது அறுந்தபடியே கிடந்து புற்றாகலாம். பிழை உள்ளவர்களுக்கெல்லாம் நோய் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு மிக அதிகம். ஆண்களுக்கு வருவது குறைவு. எங்கள் அப்பாவுக்குக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. ஆனால் பிள்ளைக்குக் கொடுப்பதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, பாதிக்குப் பாதி. அப்பாவின் அண்ணன் தம்பி வீடுகளிலும் அந்தப் பிழை இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் செய்தது, ஆத்தாவின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தியதுதான். "ஒன்னுது இல்லத்தா. அப்பா குடுத்தது. பாவம், அவருக்கும் தெரியாது."

பிறகு என்னைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பெஞ்சு நிறையப் பெண்கள், நடுவில் நான். "யாருகூட வந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டார். "எனக்குத்தாங்க" என்று சொல்வதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. எனக்கும் அந்தப் பிழை இருந்தது. என் மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாசிக்கு அக்கா இல்லை. போவதற்கு ஒரு வாரம் முன்பு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "படையல்ல எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லு. பங்காளி வீடுகள்ல எத்தனை பொட்டப்புள்ளைக இருக்கு! அந்தக் கோயிலுக்கு நான் வேத்து ஆளு, என் பேச்சு அங்க ஏறாது. நீதான் சொல்லணும்."

"நாலு பேரு முன்னாடி எனக்கு நாக்கு ஒட்டிக்கும்க்கா."

"ஒட்டட்டும். ஒட்டிக்கிட்டே சொல்லு."

படையலன்று மத்தியானம் என் பெரியப்பா மகன், எங்களில் மூத்த அண்ணன், பெயர் வாசித்து நோட்டை மூடினார். நான் எழுந்தேன். "விட்டுப்போன பேரு மூணு இருக்குண்ணே" என்று அத்தைகள் இருவர் பெயரையும் அக்கா பெயரையும் சொன்னேன். என்ன நோய் என்று சொன்னேன். ரத்தத்தில் சோதித்துத் தெரிந்துகொண்டால், வருடா வருடம் பார்த்து ஆரம்பத்திலேயே பிடிக்க வழி உண்டு என்றும் சொன்னேன்.

"பொம்பளப் பேரு இங்க எதுக்குடா?" என்றார் அண்ணன்.

"செத்தது பொம்பளைகண்ணே. குடுத்தது நாம."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். அண்ணன் குரல் உயர்ந்தது. "இது வெளிய போச்சுன்னா நம்ம புள்ளைகள எவன்டா கட்டுவான்?"

"கட்டாதவன் போகட்டும்ணே. எம் மக உசுரோட இருக்கட்டும்."

நான் உட்காரவில்லை.

அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மகளுக்கு வந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. அவளாகவே பரிசோதனைக்குப் போய் வந்தாள். முடிவை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. போன ஆவணியில் அந்த அண்ணனின் மனைவி பழைய ஜாக்கெட் ஒன்றோடு கடைக்கு வந்தார். "இதுல என்ன அண்ணி செய்யணும்?" என்றேன். "ஒன்னும் செய்ய வேணாம் தம்பி. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கெழமைன்னு மட்டும் சொல்லுங்க. மக வெளிய வண்டியோட நிக்கிறா. ஒங்க அண்ணனுக்குத் தெரியாது." எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, தைக்க ஒன்றுமே இல்லாத ஜாக்கெட்டுகள் இன்னும் நான்கு வந்துவிட்டன.

செத்தவள் துணியைக் கடையில் மாட்டாதே என்று பலர் சொல்லிவிட்டார்கள். ஆரம்பத்தில் நானும் அதன் முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படிதான் மாட்டியிருந்தேன். படையல் முடிந்து திரும்பியதும் கடையைத் திறந்து, அதைக் கழற்றி இஸ்திரி போட்டுத் திருப்பி மாட்டினேன். அந்தத் தட்டைப் பக்கம் இப்போது தெருவைப் பார்த்துத் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.