சைக்கிளுக்கென்று போட்ட வழி

"உமக்கு ஏன் பிள்ளை இந்தத் தேவையில்லாத கேள்வி? சைக்கிளுக்குத் தனிப் பாதை நல்லதோ, எல்லாரும் ஒரே றோட்டாலை போறது நல்லதோ எண்டு கேக்கிறதுக்கு, உங்கடை கந்தோருக்கு என்னை விட்டா வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

கந்தோர் அலுவலாக, படிவமும் பேனாவுமாக உப்புவெளியில் என் வீட்டுக்கு வந்த பெண்ணை அப்படித்தான் ஏசினேன். அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"றோட்டிலை சைக்கிளுக்குக் கோடு கீறப் போறம் அம்மம்மா. முந்திச் சைக்கிள் ஓடின ஆக்களைக் கேட்டு எழுதச் சொன்னவை."

தனிப் பாதை, ஒரே றோட்டு என்று படிவத்தில் இருந்த இரண்டு பெட்டிக்கும் புள்ளடி போட்டு, அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். கதையைக் கொடுக்கவில்லை. அதை இங்கே சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைப் பிடியுங்கள்.

சண்டைக் காலத்தில் நானும் மச்சாளும், அதாவது என் புருசனின் அக்காவும், விடிந்ததும் சைக்கிளில் நகரத்துக்குப் போவோம். துறைமுக வாசல் கடைகளுக்கு நான் இடியப்பம், அவள் பால். வழியில் ஒரு சோதனைச் சாவடி. வாகனங்களுக்கு நடு றோட்டு. சைக்கிள்களுக்கு மட்டும் ஓரத்தில் தனியாக ஒரு ஒடுங்கல் வழி. ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் சுருள் சுருளாக முட்கம்பி. இறங்கி, ஒருவர் பின் ஒருவராக உருட்ட வேண்டும்.

என் சைக்கிள் அதற்குள் போகாது. கரியரில் குறுக்கே பலகை கட்டி, இரண்டு முனையிலும் இடியப்பப் பெட்டி வைத்திருப்பேன். முதல் நாளே கம்பி பெட்டியைக் கிழித்துவிட்டது. காவலுக்கு நின்றவன் தலையில் கை வைத்தான்.

"அம்மா, நீ லொறி. லொறியோட போ."

அன்றிலிருந்து நான் லொறிதான். மச்சாளுக்கு அது பொறுக்காது.

"ஒருநாளைக்கு லொறிக்காரன் உன்னைப் பிட்டு மாதிரி உதிர்ப்பான், பார். என்ரை வழியிலை ஒரு கோழி கூட வந்து இடிக்காது."

"இடிக்காதுதான். ஓடவும் ஏலாது. எலிப்பொறிக்குள்ளை எலி போறமாதிரியெல்லோ போறியள்."

"எலிக்கெண்டாலும் தேங்காய்த் துண்டு வைப்பினம். எனக்கு அதுவும் இல்லை."

முதலில் அவள் சொன்னதுதான் நடந்தது. ஒரு காலை சாவடியை நெருங்கும்போது, பின்னால் வந்த சீமெந்து லொறி பலகையின் முனையைத் தட்டியது. நான் சைக்கிளோடு றோட்டோரத்தில் கழிவுநீர் ஓடும் கானுக்குள் போய் விழுந்தேன். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாய் நிறைய இரத்தமும் சேறும். முட்கம்பிக்கு அந்தப் பக்கம், வரிசையின் நடுவில் நின்ற மச்சாள் கைகொட்டிச் சிரித்தாள்.

"லொறியும் லொறியும் இடிபட்டிட்டுது!"

சிரிப்பு முடியவில்லை. எவனோ எறிந்த குண்டு சாவடி வாசலில் வெடித்தது. மண்ணும் தகரமும் சதையும் என் முதுகில் விழுந்தன. உடனே சாவடியில் இருந்து நாலா பக்கமும் சுட்டார்கள். கானுக்குள் கிடந்தபடியால் சுட்ட வெடி எனக்கு மேலால் போனது.

அந்த வழிக்குள் பதினைந்து, இருபது பேர். முன்னால் வெடித்ததும் சைக்கிளைப் பின்னால் திருப்பப் பார்த்தார்கள். திருப்ப இடமில்லை. ஹாண்டிலோடு ஹாண்டில் கொளுவி, கம்பிக்குள் கால் மாட்டி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மச்சாளுக்கு முன்னால் நின்ற பேப்பர் விற்கிறவருக்குக் கழுத்தில் வெடி. அவர் இரத்தம் மச்சாளின் முகத்தில் பீறி அடித்தது. அவள் முட்கம்பியில் ஏறினாள். சீலையும் கொண்டையும் கொளுவி, உள்ளங்கை கிழிந்து, அதிலேயே தொங்கினாள்.

"எடியே, என்னை விட்டிட்டுப் போகாதை!"

"தோள் முறிஞ்சு கிடக்கிறன், எங்கை போறது? வாயைப் பொத்துங்கோ. உங்கடை சத்தத்துக்குத்தான் சுடுறாங்கள்."

கானின் விளிம்பில் என் பலகை கிடந்தது. ஒற்றைக் கையால் அதை இழுத்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தேன். முட்கம்பியின் மேல் போட்டு, முழு உடம்பையும் கொடுத்து அமத்தினேன்.

"தலைமயிரை விட்டிட்டு வாங்கோ!"

பிய்த்துக்கொண்டு வந்தாள். பலகையால் உருண்டு, என் முறிந்த தோளிலேயே விழுந்தாள். தோடும், அது கிடந்த காதுச் சோணைச் சதையும் கம்பியில் நின்றுவிட்டன. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அந்தப் பலகையால் வந்தார்கள். மூன்றாவது ஆள் பாதியில் வெடி பட்டு அப்படியே படுத்துவிட்டார். அவரோடு சேர்ந்து பலகையும் முறிந்தது.

படிவத்தில் நான் இரண்டு பெட்டிக்கும் புள்ளடி போட்டதற்கு இதுதான் காரணம். லொறி இடித்த தோள் மழைக்கு இன்றும் குத்துகிறது. தனிப் பாதை வேண்டாமென்று எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒரு பக்கமாவது தப்பி ஓடத் திறந்திருக்க வேண்டும். அதற்கு அந்தத் தாளில் பெட்டி இல்லை.

சைக்கிள்களை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்களின் வீட்டு வளவுகளுக்குள்ளால் வீடு வந்து சேர்ந்தோம். அன்று சாவடியில் அகப்பட்ட சனத்தை ஆமிக்காரர் விசாரிக்கவென்று கொண்டுபோனார்கள். போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. மச்சாளின் காதைத் துணியால் கட்டினேன்.

"நாங்கள் அங்கை நிக்கேல்லை. ஆர் கேட்டாலும் நான் கதைக்கிறன்."

பின்னேரம் அயல் முழுக்க வாசலில் நின்றது.

"என்னடியப்பா நடந்தது?"

"ஆடு ஒண்டு குறுக்கை பாய்ஞ்சுது. விழுந்திட்டம்."

"ஒரு ஆட்டுக்கு ரெண்டு பேரோ?"

"கந்தளாய் ஆடு. குளத்துப் புல்லு திண்டு வளந்தது."

முன்வீட்டுக்காரி மச்சாளின் காதையே பார்த்தாள்.

"காதையும் ஆடோ கடிச்சது?"

"ஓம். தோடெண்டா அதுக்கு உயிர்."

"அப்ப சைக்கிள்? இடியப்பப் பலகை?"

பலகை என்றதும் மச்சாள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். நான் அவளுக்கு முன்னால் வந்து நின்றேன்.

"அதையும் ஆடு திண்டிட்டுது," என்றேன்.