எட்டடி நகர்ந்த எல்லைக்கல்

திருக்கோகர்ணம் பக்கம் நாங்கள் வாங்கிய மனையில், போன தை மாதம் பூமி பூஜை போட்டோம். வீட்டுக்கு அனுமதி வருமுன்பே முகூர்த்தம் போய்விடும் என்று எனக்கு அவசரம். துபாயிலிருந்து கணவர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் கடப்பாரையை ஓங்கிய நேரம், மனையைப் பார்வையிட நகரமைப்பு ஆய்வாளர் வந்து இறங்கினார்!

"கொஞ்சம் பொறுங்க" என்றவர், வரைபடத்தைப் பார்த்தபடி தெருமுனையிலிருந்து டேப்பை இழுத்தார். "எல்லைக்கல்லு எட்டடி அங்கிட்டு தள்ளி, பக்கத்து மனைக்குள்ள நிக்குதேம்மா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். "முள்ளு வெட்டுன ஜேசிபி கல்லைப் பேத்துப் போட்டுருச்சுங்க. நாந்தான் குத்துமதிப்பா நட்டு வச்சேன்."

பக்கத்து மனைக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். நாங்கள் வீட்டைக் கட்டி முடித்தபிறகு அவர் வந்து நின்றிருந்தால்?

"வருசா வருசம் ரெண்டு பேராச்சும் இப்படி அடுத்தவங்க மனையில பூசை போடுறாங்க. இந்த வருசம் நீங்கதான் மொதல்" என்று சிரித்தார் ஆய்வாளர்.

"சாருக்கு மொதல்ல பிரசாதத்தைக் குடு!" என்று போனில் கத்தினார் கணவர்.

சர்வேயரை வைத்துக் கல்லைச் சரியாக நட்டு, அனுமதி வந்தபின்தான் மறுபடி பூஜை போட்டோம். இப்போது சொந்தத்தில் யார் பூமி பூஜைக்கு அழைத்தாலும், பழத்தட்டோடு நூறடி டேப்பும் கொண்டுபோகிறேன். அளந்து முடிக்கும்வரை யாரையும் தேங்காய் உடைக்க விடுவதில்லை!