பேச்சி அக்காவின் வார்டில் பேச்சில்லை

பேச்சி அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. எங்கள் மருத்துவமனையில் டாக்டர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, நர்சுகளுக்கு ஒன்று. பிசியோதெரபி பார்க்கும் நான் இரண்டிலும் இருக்கிறேன். சமயநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றபோது அடுத்தடுத்து வந்தன. மருத்துவமனை இருக்கும் விளாங்குடியில் இறங்கினால் சுவரில் இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ஒரே படம், ஒரே சிரிப்பு, கீழே ஒன்றில் டாக்டர்கள் பெயர், மற்றதில் நர்சுகள் பெயர். அடப்பாவிகளா, அந்த அம்மாவுக்காகவாவது சேர்ந்து அழக் கூடாதா?

எங்கள் தலைமை நர்ஸ் பேச்சியம்மாளை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. “சண்டை போடுங்கப்பா, வேணாங்கல. பேச்ச மட்டும் நிறுத்தாதீக. நீங்க பேசலைன்னா நோயாளிக்குத்தான் கேடு” என்பார்.

சித்திரைத் திருவிழா லீவுக்காக முறைத்துக்கொண்ட இரண்டு நர்சுகள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வார்டு ஆயா மூலம் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா திட்டவில்லை. பக்கவாதத்தில் கிடந்த கனத்த உடம்புக்காரர் ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையை இருவருக்கும் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து சொல்லாமல் அவரை அசைக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அந்த மனிதரே வாய் குழற, “பேசித் தொலைங்கத்தா” என்றார். வார்டே சிரித்துவிட்டது.

டாக்டர் சரவணனிடமும் செல்வி சிஸ்டரிடமும் அந்த வித்தை பலிக்கவில்லை. ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் டாக்டர் செல்வியைப் பார்த்து, “படிச்சிட்டுத்தான் வந்தியா?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லாம் ஆயா வழியாகத்தான். அக்கா தனித்தனியாகப் பேசினார், சேர்த்து உட்காரவைத்தும் பேசினார். “நான் எதுக்குக்கா இறங்கிப் போகணும்?” என்றார் டாக்டர். “அவரு கேட்ட கேள்விக்கு அவருதான மன்னிப்புக் கேக்கணும்?” என்றார் செல்வி. நிர்வாகம் இருவரிடமும் விளக்கம் எழுதி வாங்கியது. அதோடு வீம்பு இன்னும் இறுகிப்போனது.

நுரையீரலில் சளி கட்டி அக்கா அதே வார்டில் வந்து படுத்தார். ஒரு மாலை மூச்சு வாங்கியது. செல்வி பார்த்துவிட்டு ஆயாவிடம், “டாக்டர்ட்ட சொல்லிரு” என்றார். “நீயே போய்ச் சொல்லுத்தா” என்று அக்கா கெஞ்சியிருக்கிறார். செல்வி போகவில்லை. ஆயா போய், “அக்காவுக்கு ஒரு மாதிரியா இருக்காம்” என்றிருக்கிறார். டாக்டர் மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு நிதானமாக வந்தார்.

மறுநாள் ஐசியுவில் அக்காவே இதை என்னிடம் சொன்னார். “எம்புட்டோ பாத்துட்டேன் தம்பி. இவுகளப் பேசவைக்க என்னால ஆகல” என்றார். முன்னாலேயே டாக்டர் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லப்போவதில்லை.

அலங்காநல்லூர் பக்கம் அவர் ஊரில், பந்தலின் ஒரு கோடியில் டாக்டர், மறுகோடியில் செல்வி. இருவருமே அழுதார்கள், அது பொய்யழுகை இல்லை. எடுத்துப் போன பிறகு டாக்டர் என்னிடம் வந்தார்.

“தம்பி, ஆறாம் பெட்டுக்கு நாளைக்கு ஸ்கேன். காலைல ஒண்ணும் குடுக்க வேணாம்னு செல்விட்ட சொல்லிருங்க.”

“அந்தா நிக்கிறாங்களே. நீங்களே போய்ச் சொல்லுங்க சார்.”

அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்தார். செல்விக்குப் பக்கத்தில் நின்ற ஆயாவின் போன் அடித்தது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது “நீயே போய்ச் சொல்லு” என்ற அந்த ஒரு சொல்தான். நாளைக்கும் சொல்வேன். நாளைக்கும் ஆயாவின் போன்தான் அடிக்கும்.