இருவருக்காகவும் ஜெபித்தேன்

நான் உயிரியல் பேராசிரியர்; ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிற கிறிஸ்தவன். எலிக்காய்ச்சல் கிருமிதான் என் ஆய்வு. இலங்கையில் நிவித்திகல பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த செல்வம், ராமையா இருவருக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. இருவரின் இரத்தத்தையும் ஆய்வுகூடத்தில் நானே பார்த்தேன். ஒரே கிருமி. ஆஸ்பத்திரியில் ஒரே மருந்துதான் கொடுத்தார்கள். இருவருக்காகவும் ஜெபித்தேன். செல்வம் பிழைத்தார், ராமையா இறந்துபோனார்.

துக்கம் கேட்க, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். செல்வத்துக்காக நான் ஜெபித்ததைக் கேள்விப்பட்டிருந்த ராமையாவின் மனைவி கேட்டார்:

“எங்க வீட்டுக்காரருக்கும் சாமிகிட்ட கேட்டீங்களா சார்?”

“கேட்டேம்மா.”

“அப்புறம் ஏன் சார்?”

வகுப்பில் என்றால் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி விளக்கியிருப்பேன். ஆலயத்தில் என்றால் தேவசித்தம் என்றிருப்பேன்.

“எனக்குத் தெரியலம்மா.”

“உங்களுக்குமா தெரியல?” என்றவர், என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

இன்றும் பாடம் நடத்துகிறேன், ஜெபிக்கிறேன். எதை நம்பி எதைச் செய்கிறேன் என்றுதான் சில நாள் புரிவதில்லை.