முதுகுக்குப் பின்னால் விழுந்த கொழுந்து

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் விடிகிற நேரத்துப் பனிமூட்டத்துக்குள் நடந்தால் எனக்கு வயது மறந்துபோகும். பக்கத்தில் வருகிறவர் தெரியமாட்டார். குரல் மட்டும் எங்கிருந்தோ வரும்.

அன்று என்னோடு நடந்தவர் என் மகனுக்குப் பெண் கொடுக்க இருந்த அம்மா. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கக் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்து, எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவர்கள் வந்து இறங்கியதுமே மகன் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனான்.

“அம்மா, கொழுந்தெடுத்தேன்னு சொல்லிறாதீங்க. பிள்ளைக்காம்பராவுல புள்ளைங்கள பாத்துக்கிட்டேன்னு சொல்லுங்க.”

“நான் எடுத்த கொழுந்துலதான்டா நீ படிச்ச.”

“தெரியும்மா. அவங்க வேற மாதிரி நெனச்சிட்டா?”

சின்ன வயதில் காய்ச்சலோடு கிடந்தபோது இருந்த முகம் அது. சரி என்றேன். சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டார், மகன் சொன்னபடியே தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் இருந்ததாகச் சொன்னேன். அதற்குப் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் கொழுந்தில் முற்றல் இலை கிடையாது என்று கங்காணி என் கூடையைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்.

காலையில் அவர்தான் நடக்கக் கூப்பிட்டார். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. நான் முன்னால், அவர் பின்னால். மகளின் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டு போனேன். இலையெல்லாம் ஈரம். எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கூடைக்கயிறு நெற்றியில் இழுப்பது போலவும், முதுகு மெல்ல மெல்லக் கனப்பது போலவும் சுகமாக இருந்தது.

“சம்பந்தி!”

திரும்பினேன். அவர் தோளில் பச்சைக் கொழுந்து. வந்த வழியெல்லாம் கொழுந்து. என் கை தானாகவே கிள்ளி, தோளுக்கு மேலாக, இல்லாத கூடைக்குள் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

“ஏங்க, பிள்ளைக்காம்பராவுல புள்ளைங்களையும் இப்படித்தான் பின்னால வீசுனீங்களா?”

கல்யாணம் போச்சே என்று நினைத்தேன். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தப் பக்கம் நான் போனதே என் புள்ளைய விடத்தாங்க. நான் கொழுந்தெடுத்தவ. இந்த மலையில என் கைக்கு ஈடு கெடையாது.”

“அத நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“மகன் பயந்தான்.”

“நீங்க?”

மூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பெருமைக்காரி என்றுதான் ஊரும் சொல்லும், நானும் நினைத்திருந்தேன்.

“நானுந்தாங்க,” என்றேன்.

அவர் தன் தோளில் கிடந்த கொழுந்தை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

வாசலில் மகன் நின்றிருந்தான். அவர் கொண்டையைப் பார்த்து, என்னைப் பார்த்தான்.

“ஒங்கம்மா எடுத்தது, தம்பி,” என்றார் அவர். “ஒரு இலை முத்தல் இல்ல பாருங்க. உள்ள வாங்க, நாள் குறிப்போம்.”

மகன் என் கையைப் பார்த்தான். விரல் நுனியில் கொழுந்துக் கறை இருந்தது. நான் துடைக்கவில்லை.